பொன்னாத்தா முதல் அன்னபூரணி வரை: வடிவுக்கரசியும் பிறப்பு ரகசியமும்

நடிகை வடிவுக்கரசிக்குத் தமிழ்ப் பார்வையாளர்கள் தலைமுறைக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். 1985இல் ‘முதல் மரியாதை’ பார்த்தவர்களுக்கு அவர் பொன்னாத்தா. 1997இல் ‘அருணாசலம்’ பார்த்தவர்களுக்குக் கூன் விழுந்த வேதவல்லிப் பாட்டி. 2007க்குப் பிறகு சன் தொலைக்காட்சியில் ‘திருமதி செல்வம்’ பார்த்துவந்த வீடுகளில் பாக்கியம். 2018க்குப் பிறகு ‘ரோஜா’வின் அன்னபூரணி. மனைவி, பாட்டி, மாமியார், மறுபடியும் பாட்டி என்று உறவுமுறை மாறிக்கொண்டே போனாலும், இந்த நால்வரில் மூவர் ஒரே கேள்வியின் மேல் நிற்பவர்கள் என்பது இதுவரை போதிய அளவு கவனிக்கப்படவில்லை. இந்தக் குழந்தை யாருடையது என்பதே அந்தக் கேள்வி. அதன் விடையை மறைப்பவளாக, அதைப் போட்டு உடைப்பவளாக, அது கண்முன் நின்றும் அறியாதவளாக, ஏறத்தாழ நாற்பது ஆண்டு இடைவெளிக்குள் ஒரே நடிகை மூன்று வகையாக நின்றிருக்கிறார். திரைப்படம் அந்த ரகசியத்துக்கு ஒன்றிரண்டு காட்சிகளையே கொடுத்தது. தொலைக்காட்சி ஆண்டுக்கணக்கில் இடம் கொடுத்தது. அவருடைய நடிப்புத் தொழிலின் முழு அளவும் தெரியவேண்டுமானால் இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்கவேண்டியிருக்கிறது.

குணச்சித்திர நடிகை என்பவர், கதாநாயகன் கதாநாயகி என்ற இருவரின் காதலையோ வெற்றியையோ சுமக்காமல், அவர்களைச் சூழ்ந்துள்ள குடும்பத்தையும் ஊரையும் தம் முகத்தாலும் பேச்சாலும் உண்மையென நம்பவைப்பவர். தமிழில் இந்தத் தடம் பெரும்பாலும் நாடக மேடையிலிருந்து வந்தது, காந்திமதி, எஸ். என். லட்சுமி, மனோரமா முதலியோரின் குரலில் அந்த மேடையின் வீச்சு கடைசிவரை இருந்தது. வடிவுக்கரசி அடுத்த தலைமுறையினர். கேமராவின் முன்னே பழகியவர். ஆயினும் அவருடைய குரல் கடைசி வரிசைவரை எட்டும் குரல்தான். பின்னாளில் தொலைக்காட்சியில் அவருக்குக் கைகொடுத்தவற்றில் அந்தக் குரலுக்கே முதலிடம் தரவேண்டும்.

அவர் பிறந்தது இராணிப்பேட்டையில். திருத்தணியிலிருந்து சோளிங்கர் வழியாகப் போனால் பேருந்தில் எட்டிவிடக்கூடிய ஊர் அது. இன்று இரண்டும் வேறு வேறு மாவட்டங்களில் இருந்தாலும், 1911இல் சித்தூர் மாவட்டம் பிரிக்கப்படும்வரை திருத்தணிப் பகுதியும் பழைய வட ஆர்க்காடு மாவட்டத்துக்குள்தான் இருந்தது. பிறகு சித்தூரோடு சேர்ந்து 1953இல் ஆந்திரத்துக்குப் போய், ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய எல்லைப் போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. இந்தப் பகுதிக்கும் வடிவுக்கரசி ஏற்ற வேடங்களுக்கும் உள்ள உறவு பிறந்த ஊரின் அண்மையோடு முடிந்துவிடுவதில்லை. திருத்தணி மலையும், இராணிப்பேட்டைக்கு வடக்கே உள்ள வள்ளிமலையும் ஒரு பிறப்பு ரகசியக் கதையால் கட்டப்பட்டவை.

வள்ளி ஒரு கண்டெடுத்த பிள்ளை. மானின் வயிற்றில் பிறந்து, வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் விடப்பட்டு, வேடர் தலைவன் நம்பிராஜன் வீட்டில் வளர்ந்து, தினைப்புனம் காத்தவள். ஆனால் அவள் உண்மையில் திருமாலின் மகள் என்று புராணம் சொல்கிறது. வளர்த்த வீட்டாருக்கு அது தெரியாது. கதை கேட்பவருக்குத் தெரியும். சூரனை வென்ற முருகன் சினம் தணிந்து அமர்ந்த இடமும், வள்ளியை மணந்துகொண்ட இடமும் திருத்தணியே என்பது தலத்தின் மரபு. மாசிப் பெருவிழாவில் வள்ளி திருக்கல்யாணம் அங்கே இன்றும் நடக்கிறது. சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) ‘வள்ளி திருமணம்’ தமிழ் நாடகக் கொட்டகைகளில் மிக அதிகமாக ஆடப்பட்ட நாடகங்களில் ஒன்று. வடிவுக்கரசியின் நெருங்கிய உறவினரான இயக்குநர் ஏ. பி. நாகராஜன் இயக்கிய ‘கந்தன் கருணை’ (1967) படத்திலும் ஜெயலலிதா வள்ளியாக வந்தார். நெடுந்தொடரின் பிறப்பு ரகசியம் வெளியூர்ச் சரக்கு, மலிவான உத்தி என்று சலித்துக்கொள்பவர்கள் இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. இன்னாரென்று தெரியாமல் ஒரு வீட்டில் வளரும் பெண்ணின் கதை இந்த மண்ணில் தொலைக்காட்சி வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே வேரூன்றியிருந்தது.

வடிவுக்கரசி திரைக்கு வந்தது பாரதிராஜாவின் காலத்தில். ‘சிகப்பு ரோஜாக்கள்’ (1978) படத்தில் சிறிய வேடம். அடுத்த ஆண்டு பி. வி. பாலகுரு இயக்கிய ‘கன்னிப் பருவத்திலே’ படத்தில் ராஜேஷுக்கு இணையான கதாநாயகி. மாடு முட்டியதால் இல்லற வாழ்வுக்கு இயலாதவனாகிவிட்ட கணவனுக்கும், அவனுடைய வீட்டுக்குள் நண்பனாக வந்து அவள்மேல் ஆசை வைப்பவனுக்கும் (அந்த வேடத்தில் பாக்யராஜ்) இடையில் அகப்பட்ட பெண்ணின் கதை அது. வாயைத் திறந்து சொன்னால் கணவனின் மானம் போகும், சொல்லாவிட்டால் தன் மானம் போகும் என்ற நிலையில் உள்ள ஒருத்தியை, புதிதாக வந்த நடிகை தாங்கினார். வெளியில் சொல்லமுடியாத ஒன்றை உடம்புக்குள் வைத்துக்கொண்டு வீட்டுவேலை செய்யும் பெண் என்ற வார்ப்பு அங்கேயே தொடங்கிவிட்டது. பின்வந்த வேடங்களை அறிந்தபின் அந்தப் படத்தைத் திரும்பப் பார்ப்பவர்களுக்கு இது தெளிவாகத் தெரியும். கதாநாயகி என்ற நிலை அதிக நாள் நீடிக்கவில்லை. எண்பதுகளின் தொடக்கத்திலேயே அவர் அக்காள், அண்ணி, மனைவி வேடங்களுக்கு நகர்ந்துவிட்டார்.

‘முதல் மரியாதை’யில் அவர் சிவாஜி கணேசனின் மனைவி. சிவாஜிக்கு அப்போது ஐம்பத்தாறு முடிந்து ஐம்பத்தேழு நடக்கிறது. வடிவுக்கரசி முப்பதைத் தொடாதவர். வளர்ந்த மகள் உள்ள கிராமத்துப் பெண்ணாக அவரை நம்பவைத்தது ஒப்பனை மட்டுமன்று. எண்ணெய் காணாத தலை, இழுத்துச் செருகிய புடவை என்ற வெளித்தோற்றத்துக்கு மேலாக, பொன்னாத்தாவின் பேச்சுக்கு ஒரு தாளம் அமைக்கப்பட்டிருக்கிறது: வாக்கியம் முடியுமுன்பே அடுத்த வசவு தொடங்கிவிடும், எதிரில் இருப்பவர் பதில் சொல்லக்கூடிய இடைவெளியே அந்தப் பேச்சில் இருக்காது. பார்ப்பவர் அதை முதலில் வெறும் வாய்க்கொழுப்பு என்றே எடுத்துக்கொள்வார். கணவன் மலைச்சாமியின் (சிவாஜி) மேல் இரக்கம் வருவதற்கும், பரிசல் ஓட்டும் குயிலிடம் அவர் கண்டடையும் பரிவு நியாயமாகத் தோன்றுவதற்கும் அந்த வசவுதான் அடித்தளம்.

படத்தின் பிற்பகுதியில்தான் விஷயம் வெளிப்படுகிறது. வேறொருவனால் கருவுற்றிருந்த பொன்னாத்தாவை, குடும்பத்தின் மானம் காப்பதற்காக மலைச்சாமி மணந்துகொண்டார். ஊர் அறிய அவள் மனைவி, அவ்வளவே. அந்த மகள் அவருடைய மகள் அல்லள். இந்த உண்மை தெரிந்த கணத்தில், அதுவரை கேட்ட வசவு முழுவதும் பொருள் மாறிவிடுகிறது. தனக்குச் செய்யப்பட்ட உபகாரத்தை ஒவ்வொரு நாளும் கண்ணெதிரே பார்த்துக்கொண்டு வாழவேண்டியவள், அந்த உபகாரியை மன்னிக்கமுடியாமல் போட்ட சத்தம் அது. இடைவெளி விடாத அந்தப் பேச்சு, கேள்வி எதுவும் உள்ளே நுழைந்துவிடாமல் அடைத்த கதவு. இந்த இரண்டு பொருளையும் ஒரே குரலில் வைப்பது மிக அரிய வேலை. முதல் பாதியில் ரகசியம் இருப்பதாகச் சாடையாகக் காட்டியிருந்தால் கதை கெட்டிருக்கும். பின்பாதியில் அது பொருந்தாமல் போயிருந்தால் பாத்திரம் கெட்டிருக்கும். கதாநாயகி ராதாவுக்கு ராதிகா குரல் கொடுத்த அந்தப் படத்தில், பொன்னாத்தா வடிவுக்கரசியின் சொந்தக் குரலில் நின்றாள். சிவாஜியின் நடிப்பு அந்தப் படத்துக்காக எவ்வளவோ போற்றப்பட்டிருக்கிறது. அந்தப் போற்றுதலுக்கு உரியதே அது. ஆனால் அவர் அமைதியாக இருப்பதற்கு இடம் உண்டாக்கித் தந்த இரைச்சலைப் பற்றி எழுதியவர்கள் மிகச் சிலரே.

அதே 1985இல் வெளிவந்த ‘படிக்காதவன்’ படத்திலும் அவர் சிவாஜிக்கு மனைவி. ஆகவே ரஜினிகாந்துக்கு அண்ணி. பன்னிரண்டு ஆண்டு கழித்து, சுந்தர் சி. இயக்கிய ‘அருணாசல’த்தில் அதே ரஜினிகாந்துக்குப் பாட்டி. இன்னும் பத்தாண்டு கழித்து, ஷங்கரின் ‘சிவாஜி’ (2007) படத்தில் அம்மா. அண்ணி, பாட்டி, அம்மா என்ற இந்த வரிசையில் வயது முன்னே போய்ப் பின்னே வருகிறது. ரஜினிகாந்த் பிறந்தது 1950இல். அவருக்குப் பாட்டியாகவும் தாயாகவும் நடித்தவர் அவரைவிட இளையவர். தமிழ்த் திரையில் ஆணுக்கு வயது ஏறுவதில்லை என்பதும், அவன் இளமையாகத் தெரிவதற்காக அருகில் உள்ள பெண்கள் முதுமையை ஏற்கவேண்டியிருக்கிறது என்பதும் பலரும் அறிந்த அநீதி. அதை நியாயப்படுத்த ஒன்றுமில்லை. ஆயினும் வடிவுக்கரசியின் தொழில்வாழ்க்கையில் அந்த அநீதிக்குள்ளிருந்தே ஒரு திறமை விளைந்ததையும் சொல்லியாகவேண்டும். தன் உடம்பில் இல்லாத வயதை நடையிலும் மூச்சிலும் உண்டாக்கும் பழக்கம் முப்பது வயதுக்கு முன்பே அவருக்குக் கைவந்துவிட்டது. உண்மையாகவே அந்த வயது வந்தபோது அவர் முதுமையை நடிக்கவேண்டிய தேவை இல்லாமல், முதியவளின் மனத்தை மட்டும் நடித்தால் போதும் என்ற நிலையில் இருந்தார்.

வேதவல்லி என்ற பாட்டி வேடத்தில் அந்த உடற்பயிற்சி முழுவதையும் காணலாம். முதுகைக் கூனவைத்துக்கொண்டே ஒரு படம் முழுவதும் நடப்பவர், கழுத்தை மேலே உயர்த்தித்தான் எதிரே உள்ளவரின் முகத்தைப் பார்க்கமுடியும். நாற்பதைத் தொடாத நடிகை அந்தக் கட்டாயத்தையே பாத்திரத்தின் குணமாக மாற்றிக்கொண்டார். கீழேயிருந்து மேல்நோக்கி வரும் அந்தப் பார்வையில் தாழ்வு இல்லை, தீர்ப்பு இருந்தது. கதையில், வீட்டின் மூத்த பேரனாக ஊரே மதிக்கும் அருணாசலம் அந்தக் குடும்பத்தில் பிறந்தவன் அல்லன், அநாதை என்ற உண்மையைப் போட்டு உடைப்பவள் வேதவல்லியே. பொன்னாத்தா தன் வயிற்றுக்குள் வைத்துக் காத்த ரகசியத்தின் மறுபக்கம் இது: இங்கே வேதவல்லி ரகசியத்தின் உடைமைக்காரி, வேண்டும்போது எடுத்து வீசக்கூடிய ஆயுதமாக அதை வைத்திருக்கிறாள். வீசிவிட்ட பிறகு கதை அவளை விட்டுவிட்டு நகரத்துக்குப் போய்விடுகிறது. திரைப்படம் ரகசியத்தை நடத்தும் முறை அதுதான்; உடைந்ததும் அதற்கு வேலை முடிந்துவிடும், அதைச் சுமந்தவளுக்கும் வேலை முடிந்துவிடும்.

இந்த இடத்தில் தொலைக்காட்சியின் வரலாற்றைச் சற்றே சொல்லவேண்டும். சென்னைத் தூர்தர்ஷன் நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அதன் நாடகங்களும், வாரம் ஒருமுறை வந்து பதின்மூன்று வாரத்தில் முடியும் தொடர்களும் இன்னும் திரைப்படத்தின் அளவுகோலிலேயே இருந்தன. 1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி வந்து, தொண்ணூறுகளின் இறுதியில் வாரத்தில் ஐந்து நாளும் ஒளிபரப்பாகும் நெடுந்தொடர் நிலைபெற்றபோது கணக்கு அடியோடு மாறியது. நெடுந்தொடர் என்பது முடிவு முன்கூட்டி எழுதப்படாத கதை. எத்தனை வீடுகளில் பார்க்கிறார்கள் என்று அளக்கும் டி.ஆர்.பி. என்ற மதிப்பீட்டின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப அது நீளவும் திரும்பவும் செய்யும். விளம்பரம் நீங்கலாக ஒரு பகுதி ஏறத்தாழ இருபது நிமிடம் என்று வைத்துக்கொண்டால், ஆயிரம் பகுதிகள் ஓடிய தொடர் இருபதாயிரம் நிமிடம், அதாவது 333 மணி நேரம். இரண்டரை மணி நேரப் படங்கள் 133 சேர்ந்தால்தான் அந்த நீளம் வரும். ‘திருமதி செல்வம்’ 2007 முதல் 2013 வரையிலும், ‘ரோஜா’ 2018 முதல் 2022 வரையிலும் ஓடி, இரண்டுமே ஆயிரம் பகுதிகளைத் தாண்டியவை. இரண்டிலும் குடும்பத்தின் மூத்த பெண் வடிவுக்கரசி.

இந்த நீளத்தை யார், எந்த நிலையில் பார்க்கிறார்கள் என்பதும் நடிப்பின் தன்மையைத் தீர்மானிக்கிறது. திருத்தணியைச் சுற்றியுள்ள அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு, ஆர். கே. பேட்டை ஆகிய ஊர்கள் நெசவாளர் ஊர்கள். லுங்கி நெய்யும் விசைத்தறிகள் வீட்டோடு சேர்ந்தே இருப்பவை. அப்படிப்பட்ட வீட்டில் மாலை நேரத்தில் தொலைக்காட்சிப் பெட்டி ஓடும்போது, அதற்கு எதிரே சும்மா உட்கார்ந்திருப்பவர்கள் குறைவு. ஒருத்தி தார் சுற்றிக்கொண்டிருப்பாள் (ஊடை நூலைச் சிறு கண்டில் ஏற்றுவதே தார் சுற்றுதல்). கண் அறுந்த நூலைத் தேடும், காது தொடரில் இருக்கும். அடுத்த அறையில் தறியின் தட்டல் நிற்பதில்லை. மாமியார் பேசத் தொடங்கும் தொனியை வைத்தே தலை நிமிரவேண்டிய இடம் இதுவா இல்லையா என்று அவளால் சொல்லிவிடமுடியும். வேலை செய்துகொண்டே பார்க்கும் இந்தப் பார்வையாளரை ஏமாற்றவே முடியாது. உச்சரிப்பு குழைந்தால், சொல் காதில் ஏறாவிட்டால், அவருக்கு அந்தக் காட்சி நடக்கவே இல்லை. தெலுங்கும் தமிழும் ஒரே வீட்டில் புழங்கும் எல்லைப் பகுதி இது என்பதால், சொல்லின் பொருளுக்கு முன்பே குரலின் ஏற்ற இறக்கம் செய்தியைச் சொல்லிவிடவேண்டும் என்ற தேவையும் கூடுகிறது. தறிச் சத்தத்தைத் தாண்டி வந்து விழக்கூடிய குரல் வடிவுக்கரசியினுடையது. கத்துவதால் மட்டும் அது எட்டுவதில்லை. வினைச்சொல்லின் கடைசி அசையை விழுங்காமல் முழுதாக முடிப்பதால் எட்டுகிறது. அவருடைய காட்சி ஒன்றைப் படத்தைப் பார்க்காமல் கேட்டாலே இது விளங்கும்.

படப்பிடிப்புத் தளத்தின் நடைமுறையும் இத்தகைய குரலையே கேட்கிறது. அன்றைக்குரிய வசனம் பல நேரம் அன்றைக்குத்தான் கைக்கு வரும்; உதவி இயக்குநர் கேமராவுக்குப் பின்னால் நின்று வரி வரியாக எடுத்துக்கொடுப்பார். அதற்குப் பிராம்ப்டிங் என்று பெயர். ஒரு நாளில் பல காட்சிகள் முடிக்கப்படவேண்டும். ஒத்திகைக்கு நேரம் கிடையாது. ஒருவர் பேசி முடித்ததும் சுற்றி நிற்கும் ஒவ்வொருவர் முகத்தையும் தனித்தனியாக எடுப்பார்கள். ரியாக்‌ஷன் எனப்படும் அந்த முகக்காட்சிகளில் பேச்சு இருக்காது, எதிரே பேசியவர்கூட இருக்கமாட்டார். கேலிக்கு மிகவும் இலக்கானது நெடுந்தொடரின் இந்த அம்சம்தான். கேலி செய்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: எதிரில் யாருமில்லாமல், எந்தச் சொல்லைக் கேட்டு முகம் மாறவேண்டுமோ அந்தச் சொல் ஒலிக்காமல், ஆயிரம் பகுதிகளில் ஆயிரம் முறை, சென்ற வாரத்து முகத்தோடு முரண்படாமல் ஒன்றை வெளிப்படுத்துவது கடுமையான தொழில்திறன். அதற்கு, பாத்திரம் இன்றைக்கு எவ்வளவு அறிந்திருக்கிறது, எதை இன்னும் அறியவில்லை என்ற கணக்கு நடிகையின் மனத்தில் பிசகாமல் இருக்கவேண்டும்.

விகடன் டெலிவிஸ்டாஸ் தயாரித்த ‘திருமதி செல்வ’த்தில் அந்தக் கணக்கு எளிமையானது. மெக்கானிக் செல்வத்தின் (சஞ்சீவ்) தாய் பாக்கியம். மருமகள் அர்ச்சனாவாக அபிதா. கீழ்நடுத்தர வர்க்கத்து வீடு, பணத்தட்டுப்பாடு, மகன்மேல் உரிமை. இங்கே ரகசியம் எதுவும் பாக்கியத்திடம் இல்லை. எல்லாவற்றையும் அடுப்படியிலும் கூடத்திலும் உரக்கச் சொல்லிவிடும் பெண் அவள். பொன்னாத்தாவின் வசவுத் தாளம் இருபத்திரண்டு ஆண்டுக்குப் பிறகு நகரத்து வீட்டுக்கு இடம்பெயர்ந்ததுபோல் இருந்தது. அந்தத் தொடர் இந்தியில் ‘பவித்ர ரிஷ்தா’ (2009) என்று மறுவாக்கம் பெற்றபோது, சுஷாந்த் சிங் ராஜ்புத்துக்குத் தாயாக, பாக்கியத்தின் இடத்தில், உஷா நாட்கர்ணி நடித்தார். அவரும் மராத்தி மேடையிலும் படங்களிலும் பல்லாண்டு பழகிய குணச்சித்திர நடிகைதான். கதாநாயகன் கதாநாயகி இருவருக்கும் புதியவர்களைத் தேடலாம், மாமியாருக்குத் தேர்ந்த கை வேண்டும் என்பதை இரண்டு மொழித் தயாரிப்பாளர்களும் ஒன்றுபோல் உணர்ந்திருந்தார்கள்.

‘ரோஜா’ இதற்கு மேல் ஒரு படி. அன்னபூரணி செல்வாக்குள்ள குடும்பத்தின் தலைவி. வழக்கறிஞர் அர்ஜுனின் பாட்டி. பிரிந்துபோன மகள் செண்பகத்தின் குழந்தை எங்கோ இருக்கிறது, அந்தப் பேத்தி அனு திரும்பி வரவேண்டும் என்று ஏங்குபவள். அனு என்று சொல்லிக்கொண்டு ஒரு போலி வீட்டுக்குள் நுழைகிறாள். அன்னபூரணி அவளை அணைத்துக்கொள்கிறாள். உண்மையான பேத்தியோ, ஆசிரமத்தில் அநாதையாக வளர்ந்து அர்ஜுனுக்கு மனைவியாக அதே வீட்டுக்குள் வந்து சேர்ந்திருக்கும் ரோஜா (பிரியங்கா நல்காரி). அவளை அன்னபூரணி பிறப்பறியாதவள் என்று தள்ளிவைக்கிறாள். பார்ப்பவருக்கு உண்மை தெரியும், பாட்டிக்குத் தெரியாது. இந்த நிலை ஆண்டுக்கணக்கில் நீடித்தது. வேதவல்லியை இங்கே நினைக்காமல் இருக்கமுடியாது. அவள் தன் இரத்தம் அல்லாதவனை, அவன் யாரென்று தெரிந்தே, அநாதை என்று வெளியே தள்ளினாள். இவள் தன் இரத்தத்தையே, யாரென்று தெரியாமல், அநாதை என்று தள்ளுகிறாள். இருபது ஆண்டு இடைவெளியில் ஒரே நடிகை அதே வாசற்படியில் அதே சொல்லைச் சொல்கிறார், சொல்லின் நியாயம் மட்டும் தலைகீழாகிவிட்டது.

இதில் நடிகைக்குள்ள இடர்ப்பாடு பெரிது. நூற்றுக்கணக்கான பகுதிகளுக்கு ஒரு பெண் கண்முன் உள்ள உண்மையை அறியாமல் இருந்தால், பார்ப்பவர் அவளை முட்டாள் என்று ஒதுக்கிவிடுவார். ஒதுக்கிவிட்டால் அவள் உண்மை அறியும் நாளுக்கு யாரும் காத்திருக்கமாட்டார்கள். வடிவுக்கரசி இதைச் சமாளித்த வழி, அன்னபூரணியின் அறியாமையை அவளுடைய பாசத்திலிருந்து வரவைத்தது. போலியிடம் பேசும்போது அவருடைய குரல் இறங்கிக் குழைகிறது. பல்லாண்டாகக் காத்திருந்த ஒருத்தி, கைக்கு வந்ததைச் சோதித்துப் பார்க்க அஞ்சுகிறாள் என்பது அந்தக் குழைவில் கேட்கிறது. ரோஜாவிடம் பேசும்போது மட்டும் பழைய வேதவல்லியின் கூர்மை வருகிறது. அதுவும் சில பகுதிகளில், திட்டி முடித்த பின் பார்வை ஒரு கணம் அந்தப் பெண்ணின் முகத்தில் தங்கி, ஏனென்று தெரியாமல் விலகுகிறது. வசனத்தில் இல்லாத அந்த ஒரு கணம் கதையின் வாக்குறுதி. திரும்பத் திரும்பக் கொடுக்கப்பட்டும் அது மலினப்படவில்லை. வள்ளியை வளர்த்த வேடர் வீட்டின் அறியாமையைப் புராணம் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடும். அந்த ஒரு வரிக்குள் வாழ்வது எப்படி என்பதை நெடுந்தொடரால் மட்டுமே காட்டமுடியும்; காட்டுவதற்கு இப்படி ஒரு நடிகை வேண்டும்.

இதே காலத்தில் நெடுந்தொடர்களில் தாய் வேடமேற்ற நடிகை சத்யப்ரியாவின் வழி வேறாக இருந்தது. திருச்செல்வம் இயக்கிய ‘கோலங்கள்’ (2003–2009) தொடரில் தேவயானியின் தாயாகவும், அதே இயக்குநரின் ‘எதிர்நீச்சல்’ (2022–2024) தொடரில் விசாலாட்சியாகவும் வந்த அவர், மகனின் அதிகாரத்துக்கு முன் பேசாமல் நிற்பதில் தன் பாத்திரத்தைக் கட்டினார். இருவரையும் சேர்த்துப் பார்த்தால், தமிழ் நெடுந்தொடரில் மூத்த பெண்ணுக்குக் கிடைத்த இடம் ஒரே அச்சில் வார்த்த கொடுமைக்கார மாமியார் இடம் மட்டுமன்று என்பது புலப்படும்.

வெளிநாட்டு நெடுந்தொடர் ஒன்றோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். இங்கிலாந்தில் 1960இல் தொடங்கி இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் ‘கொரனேஷன் ஸ்ட்ரீட்’ தொடரில் ஜீன் அலெக்சாண்டர் என்ற நடிகை 1964 முதல் 1987 வரை ஹில்டா ஆக்டன் என்ற ஒரே பாத்திரத்தை ஏற்றிருந்தார். துப்புரவு வேலை செய்யும் அந்தப் பெண்ணோடு நடிகையும் சேர்ந்தே முதுமை அடைந்தார். அந்நாட்டின் தொலைக்காட்சி வரலாற்றை எழுதுபவர் எவரும் அவரை விட்டுவிட்டு எழுதமுடியாது. தமிழ் நடிகைக்கு அப்படி ஒரே பாத்திரத்துக்குள் மூப்படையும் வாய்ப்பு இல்லை. தொடர் முடியும், வீடு மாறும், பெயர் மாறும். ஆனால் மாறும் பெயர்களுக்குக் கீழே ஒரே பெண் மூப்படைந்து வருவதை இங்கேயும் காணலாம், காண்பதற்கு யாராவது முன்வந்தால். தமிழ்த் திரை வரலாற்று நூல்கள் பெரும்பாலும் படங்களின் பட்டியலோடு நின்றுவிடுகின்றன. இந்த நடிகையைப் பற்றிய கட்டுரைகளும் ‘முதல் மரியாதை’யையும் ‘அருணாசல’த்தையும் விரித்துப் பேசிவிட்டு, பிறகு தொலைக்காட்சித் தொடர்களிலும் நடித்தார் என்று ஒரு வாக்கியத்தில் முடித்துக்கொள்கின்றன. அறுநூறு மணி நேரத்துக்கும் மேல் ஓடிய இரண்டு தொடர்களில் குடும்பத்தின் அச்சாக நின்ற உழைப்பு அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்காது. அந்தத் தொடர்களை எழுதியவர் யார், எந்தப் பகுதியில் கதை திரும்பியது, நடிகை பாத்திரத்தை எந்த இடத்தில் தன் கைக்கு எடுத்துக்கொண்டார் என்பவை இப்போதே குறித்துவைக்கப்படாவிட்டால், பணியாற்றியவர்களின் நினைவோடு அவை போய்விடும்.

‘ரோஜா’ ஓடிக்கொண்டிருந்த 2019இல், சீனு ராமசாமி இயக்கிய ‘கண்ணே கலைமானே’ திரைக்கு வந்தது. உதயநிதி ஸ்டாலினின் பாத்திரத்துக்கு அப்பத்தாவாக, வீட்டின் சொல் தன் கையில் உள்ள கிராமத்து மூதாட்டியாக, வடிவுக்கரசி அதில் நடித்தார். ஒரே ஆண்டில் இரண்டு பாட்டிகள்: ஒருத்தி பெரிய திரையில் சில காட்சிகளுக்கு, மற்றொருத்தி சிறிய திரையில் வாரந்தோறும். அடுத்தடுத்துப் பார்க்கும்போது அப்பத்தாவின் பேச்சு மெதுவானது, சொற்கள் குறைவு, மௌனம் அதிகம். பேரனை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பதில் சொல்லாமல் வேலையைத் தொடரும் அளவுக்கு அந்த நடிகை குரலை அடக்கத் தெரிந்தவர். முப்பது வயதுக்கு முன்பு பொன்னாத்தாவாக இடைவெளியே விடாமல் பேசியவர், அறுபதை ஒட்டிய வயதில் இடைவெளியை மட்டும் வைத்து ஒரு பாத்திரத்தைச் செய்தார். இந்த அடக்கம் அவருக்குத் திரைப்படத்திலிருந்து வந்திருக்கமுடியாது, ஏனெனில் திரைப்படம் அதுவரை அவரிடம் பெரும்பாலும் சத்தத்தையே கேட்டிருந்தது. பேச்சில்லாத முகக்காட்சிகளை நாள்தோறும் கொடுத்துப் பழகிய சின்னத்திரைத் தளத்தில்தான் அவர் அதைச் சேர்த்திருக்கவேண்டும்.